தவறுக்கு வைத்த பெயர்

டன்லாப், நெப்ராஸ்கா
1983 செப்டம்பர் 12

திரு. லோவெல் ஹாகன் அவர்களுக்கு,

என் கையெழுத்து உங்களுக்கு நினைவிருக்காது. கீழே பெயர் போட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக நான் எழுதவில்லை. இப்போதும் ஆசைப்பட்டு எழுதவில்லை.

சனிக்கிழமை ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியில் நம் பல்கலைக்கழகத்துப் பையன் ஒருவன் வலது பக்கம் ஓட வேண்டியவன் இடது பக்கம் ஓடினான். எறிந்த பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்தது. ரேடியோவில் நீங்கள் சொன்னீர்கள்: "ஐயையோ, ரூஜிச்கா பண்ணிட்டானே!"

என் மகள் மார்னி இந்த ஆகஸ்டில்தான் அங்கே முதல் வருடம் சேர்ந்தாள். விடுதியில் பத்துப் பதினைந்து பெண்கள் ஒரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். நீங்கள் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்களாம். இவளும் சிரித்தாளாம், ஏதோ தற்செயல் என்று நினைத்து. பிறகு மார்லோவிலேயே பிறந்து வளர்ந்த ஒருத்தி விளக்கினாளாம். அந்த ஊரில் ட்ராக்டரைத் தப்பாகத் திருப்பினால் ரூஜிச்கா. தபால்காரர் வீடு மாற்றிக் கடிதம் போட்டால் ரூஜிச்கா. கல்யாணத்தில் மாப்பிள்ளை தப்பான கையை நீட்டினால் அதுவும் ரூஜிச்கா.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். "அப்பா, நம்ம பேரு எதுக்குப்பா ஒரு தப்புக்குப் பேரா இருக்கு?" என்று கேட்டாள்.

அங்கே இரண்டு வருடம் படித்தேன், மாடுகளைப் பார்த்துக்கொள்ள அப்பாவுக்கு ஆள் வேண்டியிருந்ததால் படிப்பை விட்டேன் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். நான் பந்தைத் தொட்டவன் என்பதே அவளுக்குத் தெரியாது. அதனால் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "லைன் சரியில்லம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். பெற்ற மகளிடம்.

கையால் எறிகிற பந்துக்கு ஃபுட்பால் என்று பெயர் வைத்த நாட்டில், பெயரைப் பற்றி முறையிடுவது வேடிக்கைதான். இருந்தாலும் முறையிடுகிறேன். அந்தப் பெயரை இனி ரேடியோவில் சொல்லாதீர்கள். ஊர் சொல்வதை நான் தடுக்க முடியாது. நீங்கள் சொல்வதை நீங்கள் தடுக்கலாம்.

மில்டன் ரூஜிச்கா


மார்லோ
செப்டம்பர் 16

டேய் மில்ட்,

நீங்களாம்! அவர்களுக்காம்! உன் உறையைப் பார்த்ததும், நிலையத்துப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். கையெழுத்து நினைவிருக்காதாம். விடுதியில் ஒரே அறையில் என் சட்டைகளில் பாதியை நீ போட்டுக்கொண்டு திரிந்தாய், உன் கணக்குப் பாடத்தை முழுக்க நான் பார்த்து எழுதினேன். உன் ஏழு எது ஒன்று எது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

முதலில் மன்னிப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், உன்னை நினைத்து அதைச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம் என்று நீ சொல்வாய். இந்த ஊரில் அது வெறும் ஒரு சொல்லாகிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு அது ஓர் ஆளின் பெயர் என்பதே தெரியாது. மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிறவனுக்கு, வாய்க்கு எது வருகிறதோ அதுதான் வரும். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே. இனிச் சொல்ல மாட்டேன். இது வாக்கு.

என் கதை உனக்கு எந்த அளவுக்குத் தெரியுமோ! நீ போன பிறகு இன்னும் ஒரு வருடம் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்காகவே ஆடினேன். தோள் போயிற்று. பெரிய ஆட்டக்காரர்களைத் தேடி வருகிற ஆட்கள் யாரும் என்னைத் தேடி வரவில்லை. ஹால்வர்சன் தன் ரேடியோ நிலையத்துக்குக் கூப்பிட்டு, "எறியத்தான் முடியாது, எறிஞ்சதைச் சொல்லவாவது முடியுமா?" என்றார். பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மைதானத்துக்கு மேலே ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு கிண்ணம் மிளகாய் பீன்ஸ், ஒரு இலவங்கப்பட்டை ரொட்டி. மனைவி போய் ஆறு வருடமாகிறது. லிங்கனில் வேறு ஒருவரோடு நன்றாக இருக்கிறாள். சனிக்கிழமைகளில் ஊரே என்னோடு இருக்கிறது. மற்ற ஆறு நாட்களைப் பற்றிக் கேட்காதே.

உன் மகள் இங்கேயா இருக்கிறாள்? எனக்கு ஏன் யாருமே சொல்லவில்லை?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நீ என்னைப் பசப்புகிறவன் என்பாய். சொன்ன வாய் என்னுடையதுதான். ஆனால் அன்றைக்குத் திரும்பிய கால் உன்னுடையது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி, அதை நான் கிளற விரும்பவில்லை. நீயும் அந்த விரல் கதையை இனிமேல் எடுக்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

உன்
லோவெல்


டன்லாப்
செப்டம்பர் 22

லோவெல்,

எடுக்கிறேன்.

1961 நவம்பர் 18. எதிரே டாட்ஸன்காரர்கள். அந்த வருடத்தின் கடைசி ஆட்டம். பனி ஊசி ஊசியாக விழுந்துகொண்டிருந்தது. நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம், பதினொரு விநாடி பாக்கி. கோச் லிட்கே சொல்லி அனுப்பியது இது: நான் வலது ஓரமாக நேரே ஓடிக் கோடி மூலைக்குப் போக வேண்டும், நீ அங்கே எறிய வேண்டும்.

நம் இரண்டு பேருக்குள் மட்டும் ஒரு சைகை இருந்தது. கோச்சுக்குக்கூட அதைச் சொல்லவில்லை. பந்து உன் கைக்கு வருவதற்கு முன் நீ வலது கை விரலை நாக்கில் நனைத்தால், நேரே போகாதே, பத்து எட்டு வைத்து உள்ளே திரும்பு என்று அர்த்தம். அந்த வருடம் முழுக்க அதை ஏழு முறை செய்தோம். ஏழு முறையும் பந்து என் கையில் இருந்தது.

அன்றைக்கு நீ விரலை நனைத்தாய். நான் பார்த்தேன். உள்ளே திரும்பினேன். நீ மூலைக்கு எறிந்தாய். டாட்ஸன் பையன் ஒருவன் மரத்திலிருந்து பழம் பறிக்கிற மாதிரி நிதானமாக அதைப் பிடித்தான்.

உடை மாற்றும் அறையில் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது நீ சொன்னாய்: "நான் ஒரு சைகையும் குடுக்கல. அவனாத் திரும்பிட்டான்." நான் உனக்கு எதிரே, ஒரு காலில் காலணியோடு உட்கார்ந்திருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

திங்கட்கிழமை எப்போதும் கோச் சனிக்கிழமை ஆட்டத்தைப் படமாகப் போட்டுக் காட்டுவார் அல்லவா? அது கடைசி ஆட்டம். அதனால் அந்தத் திங்கட்கிழமை படம் இல்லை. செவ்வாய்க்கிழமை நான் பேருந்து ஏறினேன்.

நீ வேண்டுமென்றே பொய் சொன்னாய் என்று நான் சொல்லவில்லை. எப்போதும் சொன்னதில்லை. குளிரில் கை விறைத்துப்போய், உன்னை அறியாமல் நனைத்திருப்பாய், அவ்வளவுதான். ஆனால் நனைத்தாய்.

மில்ட்


மார்லோ
செப்டம்பர் 27

மில்ட்,

நனைக்கவில்லை. அந்தப் பதினொரு விநாடியை நான் மறந்தால் என் பெயரையே மறந்த மாதிரி. இருநூறு விருந்துகளில் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். கையைப் பேன்ட்டில் துடைத்தேன். துடைத்தேன்! அந்தப் படச் சுருளைத் தேடி எடுக்கிறேன். பார்த்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். அதோடு இது முடிந்தது.

லோவெல்


மார்லோ
அக்டோபர் 9, ஞாயிறு

மில்ட்,

இதை நான்காவது தடவையாக எழுதுகிறேன். முதல் மூன்றும் நன்றாக இருந்தன. அதனால்தான் கிழித்தேன்.

பல்கலைக்கழகத்தில் அந்தச் சுருள் இல்லை. கோச் செத்து ஆறு வருடம் ஆகிறது. பழைய சுருள்களையெல்லாம் அவர் வீட்டு நிலவறையில் வைத்திருப்பதாக மிஸஸ் லிட்கே சொன்னார். நேற்றைக்கு ஆட்டம் வெளியூரில். இன்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். பீச் பழ ஜாடிகளுக்குப் பின்னால், அட்டைப் பெட்டிகளுக்கெல்லாம் அடியில் இருந்தது. தேதி ஒட்டியிருந்தது. புரொஜெக்டர் அங்கேயே இருந்தது. ஜன்னலைப் போர்வையால் மூடிவிட்டு, வெள்ளைச் சுவரில் ஓட்டினேன். மிஸஸ் லிட்கே சலவை இயந்திரத்தின் மேல் சாய்ந்தபடி பார்த்தார்.

உனக்குத் தெரியும், அந்தப் படங்களில் சத்தம் கிடையாது. மேலே கூரையிலிருந்து எடுத்தது, எல்லோரும் எறும்பு அளவு. முகம் தெரியாது. ஆனால் கை தெரியும்.

நான் நனைத்தேன், மில்ட்.

வலது கை மேலே போகிறது, வாய்க்குப் போகிறது, கீழே வருகிறது. பேன்ட்டில் துடைப்பதும் இருக்கிறது. அது அதற்குப் பிறகு. துடைத்தது நினைவில் நின்றது, நனைத்தது நிற்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. இன்னொன்று இருக்கிறது. படத்தின் வலது ஓரத்தில் நீ நிற்கிறாய். என் கை கீழே வந்ததும் நீ தொடையில் ஒரு தட்டுத் தட்டுகிறாய். பார்த்துட்டேன், புரிஞ்சுது என்று நீ பதில் சொல்கிற தட்டு. அதை நான் மறந்தே போயிருந்தேன். நீயும் உன் கடிதத்தில் எழுதவில்லை. நான் அந்த நேரத்தில் இடது பக்கம் அவர்களுடைய தடுப்பாளனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ பதில் சொல்கிறாய், நான் பார்க்கவே இல்லை. படத்தைப் பின்னால் ஓட்டி ஓட்டி ஒன்பது முறை பார்த்தேன். ஒன்பது முறையும் நீ தட்டினாய், ஒன்பது முறையும் நான் பார்க்கவில்லை.

மிஸஸ் லிட்கேயிடம், "கோச் இதைப் பார்த்தாரா?" என்று கேட்டேன். அவர் புரொஜெக்டர் விளக்கை அணைத்தார். பிறகு சொன்னார்: "அந்தக் குளிர்காலத்துல ஒரு தடவை போட்டுப் பாத்தாருப்பா. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல வரல. 'ஒருத்தன் போயிட்டான், திரும்பி வரமாட்டேங்கிறான். இருக்கிற ஒருத்தனையும் ஒடைக்கணுமா?'ன்னு கேட்டாரு. அப்புறம் அதைப் பெட்டிக்கு அடியில வெச்சாரு."

ஆக மொத்தம் உனக்குத் தெரியும், கோச்சுக்குத் தெரியும். தெரியாமல், ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான் ஒருவன்தான்.

இந்த மாதம் 22ஆம் தேதி பழைய மாணவர் நாள் ஆட்டம். நம் அறுபத்தொன்றாம் வருட அணியை இடைவேளையில் மைதானத்துக்குக் கூப்பிட்டுப் பெயர் வாசிக்கிறார்கள். வாசிப்பது நான்தான். அன்றைக்கு ரேடியோவில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டது, எறிந்த பந்துகளுக்காக அல்ல. கூட்டாளி கைவிட்ட பையன், பாவம் என்றுதான் தூக்கி வைத்துக்கொண்டது. மைக் கொடுத்ததும் அந்தப் பரிதாபத்தில்தான் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அது போனால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. இருந்தாலும் சொல்வேன்.

மன்னித்துவிடு என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. வேறு சொல் தெரியவில்லை. வாயால் பிழைக்கிறவனுக்குச் சொல் கிடைக்கவில்லை.

லோவெல்


டன்லாப்
அக்டோபர் 13

லோவெல்,

கடிதத்தைத் தபால் பெட்டி அருகே நின்றே படித்தேன். பிறகு போய்க் காற்றாலை பம்பைப் பழுது பார்த்தேன். அது பழுதாகவே இல்லை. என் மனைவி பெர்னிஸ் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள். "நல்லா ஓடுறதை எதுக்குப் பிரிச்சுப் போடுறீங்க?" என்றாள். கடிதத்தை அவளிடம் நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்புளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

நான் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். போன கடிதத்தில் அவ்வளவு உறுதியாக எழுதினேன் அல்லவா? எனக்கு அவ்வளவு உறுதி இருந்ததில்லை. முதல் ஐந்து வருடம் இருந்தது. பிறகு, ஒரு ஊரே சொல்கிறபோது, நானேதான் தப்பாகத் திரும்பிவிட்டு உன் விரல்மேல் பழி போடுகிறேனோ என்று தோன்ற ஆரம்பித்தது. மார்னிக்கு நான் எதையும் சொல்லாததற்கு அதுதான் காரணம். வெட்கம் இல்லை. அவள் முகத்தைப் பார்த்து "அப்பா தப்பு பண்ணலம்மா" என்று சொன்னால் அது பொய்யாகிவிடுமோ என்ற பயம்.

தொடையில் தட்டியது எனக்கும் மறந்துபோயிருந்தது. அதைப் படித்ததும்தான் அழுதேன். நாற்பத்து மூன்று வயதில், காற்றாலைக்குக் கீழே, மாடுகள் பார்க்கப் பார்க்க. நான் தட்டியிருக்கிறேன்! அப்படியானால் பார்த்திருக்கிறேன். கற்பனை இல்லை.

ரேடியோவில் சொல்ல வேண்டாம். நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். உன்னிடமிருந்து மைக்கைப் பிடுங்கி எனக்கு என்ன ஆகப்போகிறது? இந்த மாநிலம் முழுக்க என்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது மார்னி ஒருத்திதான். அவளிடம் சொல். நீ சொன்னால் நம்புவாள், நான் சொன்னால் அப்பா என்று நம்புவாள். இரண்டும் ஒன்றல்ல.

கோச்சைத் திட்டாதே. அவர் நிலைமையில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

பெர்னிஸ் பாப்பி விதை வைத்த கொலாச்சி பன் ஒரு டஜன் அனுப்பியிருக்கிறாள். அவள் என்னைவிடச் சீக்கிரம் மன்னிக்கிற ஜாதி. நான் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறேன்.

மில்ட்


மார்லோ
அக்டோபர் 16

மில்ட்,

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: உன் மகள் என்னை ஒரு வழி பண்ணிவிட்டாள்.

விடுதிக்குப் போன் செய்து, நான் லோவெல் ஹாகன் என்றேன். "ஓ, எங்க பேரை வெச்சுச் சிரிக்கிற ரேடியோக்காரரா?" என்றாள். அங்கேயே எனக்கு முதல் அடி. நேற்று ஆட்டத்துக்கு முன்னால், காலையில் நிலையத்துக்கு வரச் சொன்னேன். கூடவே ஒரு தோழியை அழைத்து வந்தாள், என்னை நம்பாமல்தான். சரியாகவே செய்தாள்.

முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, மிஸஸ் லிட்கேயிடம் வாங்கி வந்திருந்த படத்தை ஓட்டினேன். ஓரத்தில் நிற்கிற எறும்பைக் காட்டி, "அது உங்க அப்பா" என்றேன். சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "எங்கப்பாவா! இவ்ளோ ஒல்லியா! மாட்டுக்குப் பின்னாடிகூட இவரு இப்படி ஓடி நான் பாத்ததில்ல" என்றாள். மூன்றாவது முறை ஓட்டும்போது அவளே, "நிறுத்துங்க, நிறுத்துங்க, அங்க! தட்டினாரு!" என்று கத்தினாள். நான் சொல்வதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டாள். என் கண்ணைவிட நல்ல கண்.

பிறகு மேஜையில் உட்கார்ந்து, நான் ஆட்டத்துக்குத் தயாரித்து வைத்திருந்த அட்டைகளைப் புரட்டிக் காட்டினேன், எந்த எண் எந்தப் பையன் என்று. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க இப்பவும் நக்குறீங்க" என்றாள். பார்த்தால் ஒவ்வொரு அட்டைக்கும் விரலை நாக்கில் வைக்கிறேன். பத்தொன்பது வருடமாக அந்த அறையில் இருக்கிறேன், எனக்கே தெரியாது.

ரேடியோவில் சொல்ல வேண்டாம் என்று நீ எழுதியதைச் சொன்னேன். அவள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அப்பாவுக்கு வேணாம்னா அவரு பேரை அவரு விட்டுக் குடுக்கட்டும். அது என் பேரும்தான். நான் இங்க நாலு வருஷம் படிக்கணும். நீங்க சொல்லத்தான் வேணும்."

அப்படியானால் 22ஆம் தேதி. வருகிறாயா?

லோவெல்


(அஞ்சல் அட்டை)
டன்லாப், அக்டோபர் 19

வரவில்லை. அவள் அப்படியே பெர்னிஸின் மகள். பள்ளத்தில் உங்கள் நிலையம் கிடைக்காது. ட்ரக்கை மேற்குக் குன்றின்மேல் ஏற்றி வைத்துக் கேட்பேன். எப்போதும் அங்கேதான் கேட்கிறேன். பத்தொன்பது வருடமாக. இதை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மி.


டன்லாப்
அக்டோபர் 23

லோவெல்,

பேசுகிறவனுக்குத் தான் பேசியது காதில் விழாது என்பார்கள். அதனால் நான் கேட்டதை உனக்கு எழுதுகிறேன்.

நானும் பெர்னிஸும் ஒரு மணிக்கே குன்றின்மேல் ஏறிவிட்டோம். காபி, ரொட்டி, ஒரு கம்பளி. இடைவேளை வந்தது. நீ ஒவ்வொரு பெயராக வாசித்தாய், ஒவ்வொருவருக்கும் கைத்தட்டல். "ரூஜிச்கா, மில்டன். வரவில்லை" என்றாய். கூட்டத்தில் யாரோ சிரித்தது ரேடியோவில் கேட்டது. நீ ஒரு மூச்சு இழுத்தாய். அதுவும் கேட்டது. பிறகு விதைச் சோள விளம்பரம் வந்தது.

அது முடிந்து வருவாய் என்று காத்திருந்தேன். கதிர் அறுவை இயந்திர விளம்பரம் வந்தது. அதுவும் முடிந்து ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. "சரி, பயந்துட்டான்" என்று சாவியைத் திருகப் போனேன். உண்மையைச் சொன்னால் கோபம்கூட வரவில்லை, அலுப்பாக இருந்தது. பெர்னிஸ் என் கையைப் பிடித்தாள். "இருங்க. அவன் எப்பவுமே நாலாவது கால் பகுதி ஆளுன்னு நீங்கதான சொல்வீங்க?" என்றாள்.

நான்காவது கால் பகுதியில், ஆறு நிமிடம் பாக்கி இருக்கும்போது, உங்கள் பையன் எறிந்த பந்து ஆளில்லாத இடத்துக்குப் போயிற்று. பிடிக்க வேண்டியவன் வேறு பக்கம் ஓடியிருந்தான். கூட்டம் அவனைப் பார்த்துக் கூச்சல் போட்டது. நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து என் பெயரைக் கத்தினார்கள். முந்நூறு மைல் தாண்டி எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்போது நீ பேசினாய். நான் பின்னால் கிடந்த தீவன ரசீதின் முதுகில் எழுதி வைத்திருக்கிறேன், முடிந்தவரை அப்படியே:

"அந்தப் பையனைத் திட்டாதீங்க. அவன் சரியாத்தான் ஓடினான். எறிஞ்சவன் கையைத் தூக்கிக் காட்டினான், மேலேர்ந்து நான் பாத்தேன். காட்டிட்டு மறந்துட்டான். இப்பல்லாம் நான் கையைத்தான் பாக்குறேன். ஏன்னா அறுபத்தொண்ணுல நானும் இதையேதான் செஞ்சேன். மில்ட் ரூஜிச்கா தப்பா ஓடல. விரலை நனைச்சுச் சைகை குடுத்தது நான். குடுத்ததை மறந்துட்டு வேற எடத்துல எறிஞ்சது நான். அவன் மேல பழியைப் போட்டதும் நான். படம் இருக்கு, யாரு வேணா வந்து பாக்கலாம். இருபத்திரண்டு வருஷமா இந்த ஊரு தப்பான ஆளு பேரைச் சொல்லிக்கிட்டு இருக்கு. பேரு வெச்சுத்தான் ஆகணும்னா, ஹாகன்னு வைங்க. ரெண்டாவது முயற்சி, பத்து கஜம் பாக்கி."

அந்தக் கடைசி வரியோடு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டாய். பிறகு கொஞ்ச நேரம் நீ பேசவில்லை. கூட்டத்தின் சத்தம் மட்டும் வந்தது. உன் ரேடியோ வாழ்க்கையிலேயே நீ அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மீதி ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ட்ரக்கின் பாட்டரி தீரும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பிறகு இரண்டு மைல் நடந்து வீட்டுக்கு வந்தோம், கல்யாணத்துக்கு முன்னால் நடந்த மாதிரி.

இப்போது முக்கால்வாசி வழி வந்துவிட்டேன்.

மில்ட்


மார்லோ
அக்டோபர் 29

மில்ட்,

பதினாலு–பத்து. ஜெயித்தோம்.

இடைவேளையில் எழுதி வைத்த தாள் கையிலேயே இருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் வைக்க மாட்டேன். பெர்னிஸிடம் சொல், நாலாவது கால் பகுதிவரை பொறுத்ததற்கு நன்றி.

நிலையத்துக்கு வந்த போன்களில் பாதி வசவு. பழைய ஆட்கள் சிலருக்கு நான் அவர்கள் வீட்டுப் பாத்திரத்தை உடைத்துவிட்ட மாதிரி வருத்தம். மிஸஸ் லிட்கே ஒரு ஜாடி பீச் அனுப்பினார், கூடச் சீட்டு இல்லை. திங்கட்கிழமை ஹால்வர்சன் கூப்பிட்டார். என் பொருட்களைப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டுத்தான் போனேன். "பாவம்னு மைக் குடுத்தீங்க. இனிமே அந்தப் பாவம் செல்லாது" என்றேன். கிழவர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பாவமா? முட்டாப்பயலே, பாவப்பட்டவனுக்கு ஒரு வேளைச் சோறு போடுவேன், பத்தொன்பது வருஷம் மைக் குடுப்பனா? உன் குரலுக்குடா குடுத்தேன். பெட்டியைப் பிரிச்சு வெச்சுட்டு வேலையைப் பாரு" என்றார். அவர் அறையை விட்டு வெளியே வந்து, கழிவறையில் போய் முகம் கழுவினேன். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

வியாழக்கிழமை மார்னி வந்தாள். மாணவர் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பெண் தட்டைக் கீழே போட்டாளாம். மூலையிலிருந்து எவனோ, "ஹாகன்!" என்று கத்தினானாம். கூடமே சிரித்ததாம். "நான்தான் எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சேன், உங்ககிட்ட சொல்லாம இருக்கக் கூடாதுன்னு வந்தேன்" என்றாள். நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். அவள் போன பிறகு நானே ஒரு முறை அந்தப் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். உனக்கு இது இருபத்திரண்டு வருடம். எனக்கு ஏழே நாள்.

கடைசி உள்ளூர் ஆட்டம் நவம்பர் 12. நான் இனிக் கேட்க மாட்டேன். தேதியை மட்டும் எழுதியிருக்கிறேன்.

லோவெல்


டன்லாப்
நவம்பர் 7

லோவெல்,

சனிக்கிழமை மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன். ஒருவன் மாடு ஏற்றிய ட்ரக்கைப் பின்னால் எடுக்கும்போது தப்பான பட்டிக்குள் விட்டுவிட்டான். வேலி மேல் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன், உங்கள் ஊர்ப் பக்கத்து ஆள், "ஏய், ஹாகன் பண்ணிட்டாம் பாரு!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் என் முதுகில் தட்டினான், எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து.

சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நானும் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இல்லை, லோவெல். அதே பழைய இடத்தில் குத்தியது. பெயர்தான் வேறு, இடம் அதேதான்.

நான் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன்: "அந்தப் பேரை விடுங்கப்பா. அவன் என் ஆளு. தப்புக்குத் தப்புன்னே ஒரு பேரு இருக்கு, அது போதும்." யாரும் சிரிக்கவில்லை. வண்டிக்காரன் மட்டும், "ஆமாமா, தப்புதான், கேட்டைத் தொறங்க" என்றான்.

இதை மார்னிக்குப் போனில் சொன்னேன். லைன் நன்றாகவே இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் அடுத்த முறை எவனாவது கத்தினால் தானும் அதையே சொல்வதாகச் சொன்னாள்.

சனிக்கிழமை வருகிறோம். பெர்னிஸ் இரண்டு டஜன் கொலாச்சி செய்கிறாள், ஒன்று உனக்கு, ஒன்று ஹால்வர்சனுக்கு. மேலே உன் கண்ணாடி அறைக்கு வர மாட்டேன், உன் வேலை நடக்கட்டும். கீழே வலது ஓரத்தில், அன்றைக்கு நின்ற இடத்துக்கு நேர் மேலே உள்ள வரிசையில் மார்னியோடு உட்கார்ந்திருப்பேன். சிவப்புத் தொப்பி. ஆட்டம் தொடங்குவதற்கு முன் எழுந்து நிற்கிறேன்.

நீ ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து விரலை நனை. நான் தொடையில் தட்டுகிறேன்.

இந்த முறை பார்.

மில்ட்